பெரிய எண் போட்ட பர்னர்தான் நல்ல பர்னரா?

வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கும் எவருக்கும் சமையலறை அடுப்பு போதாமல் போகும் நாள் ஒன்று வரும். முதலில் நாலைந்து லிட்டர் காய்ச்சிப் பார்த்திருப்பார். அப்புறம் இருபது, இருபத்தைந்து லிட்டருக்கு ஆசை வரும். அந்தப் பெரிய பானையைச் சமையலறை அடுப்பில் ஏற்றினால் ஒரு மணி நேரம் ஆனாலும் சரியான கொதி வராது. ஓரத்தில் நாலு குமிழி எழும், நடுவில் அசைவே இருக்காது. உடனே வெளியில் வைத்து எரிக்கும் புரொப்பேன் பர்னரைத் தேட ஆரம்பிப்பார். தேடியதும் கண்ணில் படுவது ஒரே ஒரு எண்: 60,000 பிடியு, 1,00,000 பிடியு, 2,00,000 பிடியு. எண் ஏற ஏற பர்னரும் நல்லதாக ஆகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். "எவ்வளவு பெரிசு கிடைக்குதோ அதையே வாங்கிடுங்க" என்று அனுபவசாலிகளும் சொல்வார்கள்.

நானும் அதைக் கேட்டுத்தான் முதல் பர்னரை வாங்கினேன். மெல்லிய அடிப்பாகம் கொண்ட எவர்சில்வர் பானை, அதன் நடு அடியில் ஒரே புள்ளியில் சீறும் தீ. பத்து நிமிடத்தில் கொதி வந்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். பானையைக் காலி செய்து கழுவும்போதுதான் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய வட்டம் ஒன்றைப் பார்த்தேன். அந்தக் கருகல் வாடை கடைசிப் பாட்டில் வரைக்கும் போகவில்லை. பர்னர் ஒழுங்காகத்தான் எரிந்தது. அதன் மேல் எழுதியிருந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் வாங்கியிருந்தேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் அடியிலிருந்து பார்க்கப் போகிறோம்.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

ஒரு வாளியைக் குழாயடியில் வைத்து நிரப்புகிறீர்கள். குழாயிலிருந்து விழும் தண்ணீரை வெப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளிக்குள் ஏறும் மட்டம்தான் வெப்பநிலை. சின்ன வாளி சீக்கிரம் நிரம்பும். பெரிய வாளியில் அதே மட்டம் வர அதிகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐந்து லிட்டர் பானையும் ஐம்பது லிட்டர் பானையும் ஒரே 100 டிகிரியில்தான் கொதிக்கின்றன. ஆனால் அந்த 100 டிகிரியைத் தொட ஐம்பது லிட்டருக்குப் பத்து மடங்கு வெப்பம் வேண்டும்.

இப்போது வாளி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. குழாயை இன்னும் அதிகமாகத் திறந்தால் என்ன ஆகும்? மட்டம் ஏறாது, வழிவதுதான் கூடும். கொதிக்கும் பானையும் இப்படித்தான். கொதிநிலையைத் தொட்ட பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே இருக்கும் திரவம் மேலும் சூடாகாது. வழிந்து போகும் தண்ணீரைப் போல ஆவிதான் அதிகமாகக் கிளம்பும். "தீயைக் கூட்டினால் நன்றாக வேகும்" என்ற பழக்கம் நம் கையிலேயே ஊறியிருப்பதால் இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். கொதிக்கும் பானையில் ஒரு தெர்மாமீட்டரை விட்டுத் தீயைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். கொதி நிற்காத வரை முள் நகரவே நகராது.

ஆக, பர்னருக்கு இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. முதல் வேலை பானையைக் கொதிநிலைக்கு ஏற்றுவது, அதற்கு நிறைய வெப்பம் வேண்டும். இரண்டாவது வேலை அந்தக் கொதியை ஒரு மணி நேரம் சீராகப் பிடித்து வைப்பது. கடையில் பார்க்கும் எண் முதல் வேலையைப் பற்றி மட்டும், அதுவும் அரைகுறையாகத்தான் பேசுகிறது.

பிடியு என்றால் என்ன?

பிடியு என்பது வெப்பத்தை அளக்கும் ஒரு பழைய பிரிட்டிஷ் அலகு. ஒரு பவுண்டு தண்ணீரை, அதாவது சுமார் 454 கிராமை, ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் ஒரு பிடியு. தீப்பெட்டியிலிருந்து ஒரு நல்ல தடித்த குச்சியை எடுத்துக் கொளுத்தி முழுக்க எரிய விட்டால் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். லிட்டர், செல்சியஸ் கணக்கில் பழகியவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு செல்சியஸ் டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4 பிடியு.

பர்னர் பெட்டியில் 60,000 பிடியு என்று போட்டிருப்பதில் ஒரு சொல் விடுபட்டிருக்கும். அது "ஒரு மணி நேரத்துக்கு". ஒரு வண்டி நூறு கிலோமீட்டர் என்றால் அது தூரமா வேகமா என்று கேட்போம் இல்லையா, அதே கேள்விதான் இங்கேயும். பர்னரின் எண் வேகத்தைக் குறிக்கிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் மணிக்கு 3,412 பிடியு ஒரு கிலோவாட்டுக்குச் சமம். அதன்படி 60,000 பிடியு பர்னர் என்பது சுமார் பதினேழரைக் கிலோவாட்.

அடுத்தது இன்னும் முக்கியம். அந்த எண் பர்னர் எரிக்கும் வாயுவின் கணக்கு. பானைக்குள் போய்ச் சேரும் வெப்பம் எவ்வளவு என்று அது சொல்வதில்லை. சம்பளச் சீட்டில் மேலே ஒரு தொகை இருக்கும், பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது வேறாக இருக்கும். பர்னரிலும் பிடித்தம் உண்டு. பானையின் பக்கவாட்டில் ஏறிப்போகும் சூடான புகைக்காற்று, காற்று அடித்துக்கொண்டு போவது, ஸ்டாண்டும் தரையும் சூடாவது எல்லாம் பிடித்தத்தில் சேரும். எரிந்த வெப்பத்தில் பானைக்குள் போகும் பங்கைத்தான் வெப்பத் திறன் என்கிறோம். திறந்தவெளியில் வைத்து எரிக்கும் பர்னர்களில் இது பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம். பாதிக்குக் குறையாமல் வானத்துக்குப் போகிறது.

வெப்பத் திறன் பர்னரோடு பானையையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். அதே பர்னரில் அடி அகன்ற பானையை வைத்தால் திறன் கூடும், ஒல்லியான உயரமான பானையை வைத்தால் தீ நாக்குகள் பக்கவாட்டில் ஏறி வீணாகும். அதனால்தான் மணிக்கு 60,000 பிடியு எரிக்கும் நல்ல பர்னர் ஒன்று, 1,00,000 எரிக்கும் மோசமான பர்னருக்கு ஈடாகவோ முன்னதாகவோ பானையைக் கொதிக்க வைத்துவிட முடிகிறது. 60,000-இல் பாதி 30,000. 1,00,000-இல் முப்பது சதவீதமும் அதே 30,000 தான். கொதி வரும் நேரம் ஒன்றே, ஆனால் இரண்டாமவர் சிலிண்டரை அடிக்கடி மாற்றுவார்.

சுருக்கமாக, பெட்டியில் இருக்கும் எண் ரெகுலேட்டரை முழுக்கத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வாயு எரியும் என்பதைத்தான் காட்டுகிறது.

உண்மையில் எவ்வளவு வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பெருக்கல் தெரிந்தால் போதும். முளைகட்டி உலர்த்திய தானியம்தான் மால்ட். அதை வெந்நீரில் ஊற வைத்து வடித்தால் கிடைக்கும் இனிப்பான சாறு வோர்ட். இந்த வோர்ட்டைத்தான் பர்னரில் கொதிக்க வைக்கிறோம். வடித்தெடுக்கும்போதே அது சுமார் 65 டிகிரியில் இருக்கும்.

25 லிட்டர் வோர்ட்டை 65-லிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். 35 டிகிரி, 25 லிட்டர், லிட்டருக்கு டிகிரிக்கு 4 பிடியு: மொத்தம் 3,500 பிடியு. இதை அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் மணிக்கு 7,000 பிடியு பானைக்குள் போக வேண்டும். திறன் 40 சதவீதம் என்று வைத்தால் பர்னர் எரிக்க வேண்டியது மணிக்கு 17,500 பிடியு. அவ்வளவுதான்! 20 டிகிரியில் இருக்கும் பச்சைத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தாலும் அதே அரை மணிக்கு 40,000 போதும். ஐம்பது லிட்டர் காய்ச்சுபவர் 65-லிருந்து இருபதே நிமிடத்தில் கொதி வர வேண்டும் என்று அவசரப்பட்டால்கூட 52,500-இல் நின்றுவிடுகிறது.

இரண்டாவது வேலைக்கு வருவோம். ஒரு மணி நேரக் கொதியில் மூன்று லிட்டர் ஆவியாகப் போவதாக வைத்துக்கொள்வோம். கொதிக்கும் தண்ணீர் ஒரு லிட்டரை ஆவியாக்க சுமார் 2,140 பிடியு வேண்டும். மூன்று லிட்டருக்கு 6,400. அதே 40 சதவீதத் திறனில் பர்னர் எரிக்க வேண்டியது மணிக்கு 16,000 பிடியு.

இந்த 16,000 என்ற எண்ணைக் கொஞ்சம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். 2,00,000 பிடியு பர்னரை வாங்கியவர் ஒரு மணி நேரக் கொதி முழுவதும் அதை அதன் முழு பலத்தில் எட்டு சதவீதத்தில் எரிய விட வேண்டியிருக்கும். எட்டு சதவீதத்துக்குக் குறைத்தால் பல பெரிய பர்னர்கள் ஒழுங்காக எரிவதில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் சிலிண்டரிலிருந்து தீ வரை வாயு போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரிலிருந்து தீ வரை

சிலிண்டரை அசைத்தால் உள்ளே சளசளவென்று கேட்கும். புரொப்பேன் அதற்குள் திரவமாக இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். அடைத்து வைத்திருப்பதால் தன் சொந்த வாயுவே மேலிருந்து அழுத்த, பெரும்பகுதி திரவமாகவே கிடக்கிறது. வால்வைத் திறந்ததும் மேலே இருக்கும் வாயு வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழே இருக்கும் திரவம் கொதிக்கும். எல்பிஜி என்ற பெயரில் வருவது பல இடங்களில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டித்தான் வாயுவாகும் என்பதால், அது அதிகம் கலந்த சிலிண்டர் குளிர்காலக் காலையில் சோர்ந்துவிடும்.

சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் அப்படியே பர்னருக்கு வந்தால் ஆபத்து. அதைக் குறைத்து ஒரே அளவில் வைப்பதுதான் ரெகுலேட்டர். அழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அலகில் சொல்வார்கள். கார் டயரில் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐ இருக்கும், அதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். குறைந்த அழுத்த ரெகுலேட்டர் அரை பிஎஸ்ஐக்கும் கீழேதான் கொடுக்கும். உயர் அழுத்த ரெகுலேட்டரில் திருகு ஒன்று இருக்கும், அதைத் திருப்பி பூஜ்ஜியத்திலிருந்து 10, 20 அல்லது 30 பிஎஸ்ஐ வரை வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வகையும் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. குறைந்த அழுத்தத்துக்குச் செய்த பர்னரில் உயர் அழுத்த ரெகுலேட்டரை மாட்டவே கூடாது.

ரெகுலேட்டரைத் தாண்டி ஹோஸ் வழியாக வரும் வாயு ஆரிஃபைஸ் என்ற ஊசித்துளை வழியாகப் பாய்கிறது. ஒரு பர்னர் எவ்வளவு எரிக்கும் என்பதை முடிவு செய்வது இந்தத் துளையின் அளவும் அழுத்தமும்தான். அழுத்தத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் தீயும் இரண்டு மடங்கு ஆகாது. சுமாராக, நாலு மடங்கு அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு வாயு என்ற கணக்கில்தான் கூடும். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கான பர்னரில் துளை பெரிதாக இருக்கும். அதே கன அளவில் புரொப்பேனுக்குச் சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் அதிகம் என்பதால், துளையை மாற்றாமல் அதில் புரொப்பேனை இணைத்தால் தீ கட்டுக்கடங்காது.

ஊசித்துளையிலிருந்து சீறிக்கொண்டு வரும் வாயு, பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வேகமாகப் போகும் பேருந்துக்குப் பின்னால் காகிதங்கள் பறந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே இழுப்புதான். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதி இந்த இழுப்பில் முன்னாலேயே கலந்துவிடும், மீதியைத் தீ சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். காற்றுத் திறப்பின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதைத் திருப்பிக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

அந்தி நேரத்தில் ஒரு முறை இந்தத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். திறப்பை மூடி வைத்திருக்கும்போது தீ சோம்பலாக, மஞ்சளாக, நுனியில் புகையோடு ஆடும். மெல்லத் திறக்கத் திறக்க மஞ்சள் நுனிகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு மறையும். தீ குட்டையாகும், நீலமாகும், உள்ளே இன்னும் அடர்ந்த நீலத்தில் கூரான கூம்புகள் தெரியும். இன்னும் திறந்தால் தீ பர்னரை விட்டு எம்பிக் குதிக்க ஆரம்பிக்கும், அங்கிருந்து ஒரு துளி திருப்பி வைக்க வேண்டும். மஞ்சள் நிறம் என்பது எரியாமல் போகும் கரித்துகள் ஒளிர்வது. பானையின் அடியில் படியும் கரி அதுதான். கரியோடு கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

இப்போது அந்த எட்டு சதவீதப் பிரச்சினைக்குத் திரும்பலாம். வாயுவின் வேகம்தான் காற்றை இழுக்கிறது. வால்வை மூடி வாயுவை மிகவும் குறைத்தால் வேகம் போய்விடும், காற்று சரியாகக் கலக்காது. தீ மஞ்சளாகும், அல்லது லேசான காற்றுக்கே அணைந்துவிடும். சில சமயம் பர்னர் தலைக்குப் பின்னால் குழாய்க்குள்ளேயே போய் எரிய ஆரம்பிக்கும். எந்த அளவு வரை குறைத்தாலும் நீலமாக, நிலையாக எரிகிறது என்பதுதான் ஒரு பர்னரின் உண்மையான தரம். அதை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை.

மூன்று வகைத் தலைகள்

ஜெட் பர்னரில் ஒரே துளையிலிருந்து தீ ஒரே தூணாக மேலே எழும். உயர் அழுத்தம், விலை குறைவு, ஜெட் விமானம் மாதிரி இரைச்சல். பெரிய எண்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும். தீ ஒரே இடத்தில் தாக்குவதால் மெல்லிய பானையில் அந்த இடம் மட்டும் கருகும். எவர்சில்வர் வெப்பத்தைப் பரப்புவதில் மிகவும் மந்தம், அலுமினியம் அதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகப் பரப்பும். அதனால் அலுமினியப் பானையோ, அடியில் அலுமினியத் தகடு வைத்து அழுத்திய எவர்சில்வர் பானையோ இருந்தால் ஜெட் பர்னரைச் சமாளிக்கலாம். என்னிடம் இருந்தது வெறும் தகடு. வோர்ட்டில் சர்க்கரை இருப்பதால் தண்ணீரைவிட எளிதில் அடிபிடிக்கும்.

பான்ஜோ பர்னர் என்பது வட்டமான வார்ப்பிரும்புத் தலையில் நிறையச் சிறு துளைகள் கொண்டது. கைப்பிடியோடு பார்த்தால் பான்ஜோ இசைக்கருவி போல இருப்பதால் அந்தப் பெயர். இதன் தலை சுமார் பத்து அங்குலம் வரை அகலமாக இருக்கும். தீ பானையின் அடி முழுவதும் பரவும். இரைச்சல் குறைவு, கட்டுப்பாடு நன்றாக இருக்கும். இருபத்தைந்து முதல் ஐம்பது லிட்டர் வரை காய்ச்சுபவர் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும், பர்னர் தலை பானையின் அடியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வகையில் சின்னச் சின்ன ஜெட்டுகள் வரிசையாக வட்டத்தில் நிற்கும், பெரும்பாலும் குறைந்த அழுத்தம். சத்தமே இருக்காது, வால்வை எந்த அளவுக்கும் குறைக்கலாம். காற்று அடிக்கும் இடத்தில் மட்டும் திணறும்.

சிலிண்டரில் உறைபனி

பெரிய பர்னரை முழு வேகத்தில் அரை மணி ஓட்டிவிட்டுச் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். திரவ மட்டம் எதுவரை இருக்கிறதோ அதுவரை வெளியே நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும், சில சமயம் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். வியர்வை உலரும்போது தோல் குளிர்வது போல, திரவம் வாயுவாக மாறும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த வெப்பம் திரவத்திலிருந்தே போவதால் சிலிண்டர் குளிர்கிறது, குளிரக் குளிர உள்ளழுத்தம் இறங்குகிறது, தீ சுருங்குகிறது. சிலிண்டர் காலி என்று நினைத்து மாற்றிவிடுவோம், உள்ளே பாதி இருக்கும்.

ஒரு கிலோ புரொப்பேனில் சுமார் 47,500 பிடியு இருக்கிறது. 60,000 பிடியு பர்னர் முழு வேகத்தில் மணிக்கு ஒன்றேகால் கிலோ எரிக்கும். 2,00,000 என்றால் நாலு கிலோவுக்கு மேல். ஒன்பது கிலோ சிலிண்டர் முன்னதற்கு ஏழு மணி நேரம் வரும், பின்னதற்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் அது அதே வேகத்தில் வாயு கொடுக்காது, அதற்குள் உறைந்து களைத்துவிடும். பெரிய பர்னரின் பெரிய எண்ணைச் சின்னச் சிலிண்டரால் தொடர்ந்து தரவே முடியாது. சிலிண்டர் உறைந்தால் அதைத் தீயின் பக்கம் நகர்த்திச் சூடாக்க நினைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. பர்னரைக் குறைத்து எரியுங்கள், அல்லது பெரிய சிலிண்டர் வையுங்கள்.

கொதியைப் பிடித்து வைப்பது

கொதி வருவதற்குச் சற்று முன்னால் வோர்ட்டின் மேல் பழுப்பு நுரை ஒரு போர்வை மாதிரி மூடும். பாலைப் போலவே, ஒரு கணம் ஒன்றும் இல்லை, அடுத்த கணம் விளிம்பைத் தாண்டிவிடும். பானைக்குள் இருக்கும் புரதங்கள் நுரையைப் பிடித்துத் தாங்குவதால் இப்படி. அந்த ஒரு கணத்தில் உங்கள் கை வால்வில் இருக்க வேண்டும், வால்வைத் திருப்பியதும் தீ உடனே இறங்க வேண்டும். வால்வு ரெகுலேட்டரோடு சிலிண்டர் பக்கத்தில் மட்டும் இருக்கும் பர்னர்களில் ஓடிப் போய்த்தான் குறைக்க வேண்டும். பர்னரின் பக்கத்திலேயே ஊசி வால்வு உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

அப்புறம் அந்த ஒரு மணி நேரம். பியருக்குக் கசப்பு தருவதற்காகக் கொதியில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் கசப்பாக மாறுவதற்குச் சூடும் நேரமும்தான் வேண்டும், கொந்தளிப்பு வேண்டாம். டைமெத்தில் சல்பைடு என்ற பொருள் வேகவைத்த சோளத்தின் வாடையைத் தரும், வெளிர்நிற மால்ட்டில் அது அதிகம் உண்டாகும். கொதியில் அது ஆவியோடு வெளியேறிவிடும் என்பதால் பானையை மூடக்கூடாது. இதற்கெல்லாம் மேற்பரப்பு நிற்காமல் புரண்டுகொண்டிருந்தால் போதும். எரிமலை மாதிரி கொதிக்க விட்டால் ஆவி அதிகம் போய் அளவு குறையும், நிறம் கருக்கும், வாயுவும் தீரும்.

ஸ்டாண்ட், காற்று, பாதுகாப்பு

25 லிட்டர் வோர்ட்டும் பானையும் சேர்ந்தால் முப்பது கிலோவைத் தொடும், 50 லிட்டர் என்றால் அறுபது. அவ்வளவும் கொதிக்கும் திரவம். கால்கள் அகலமாக விரிந்து, வெல்டிங் கெட்டியாக இருக்கும் ஸ்டாண்டுக்காகக் கொஞ்சம் அதிகம் செலவானாலும் பரவாயில்லை. பானைக்கும் பர்னருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் கவனியுங்கள். நீலக் கூம்புகள் பானையைத் தொட்டால் தீ அங்கேயே குளிர்ந்து அரைகுறையாக எரியும். மிகத் தள்ளி இருந்தால் வெப்பம் வழியிலேயே போகும். கூம்பின் நுனிக்குச் சற்று மேலே பானை அடி இருப்பதுதான் கணக்கு. பர்னரைச் சுற்றி ஒரு தகரத் தடுப்பு இருந்தால் காற்று நாளில் பெரிய வித்தியாசம் தெரியும், ஆனால் முழுக்க மூடிவிட்டால் தீக்குக் காற்று கிடைக்காது, ஹோஸும் சூடாகும்.

எரிப்பது எப்போதும் திறந்தவெளியில். கராஜின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும், அதனால் தரைக்குக் கீழே உள்ள அறையிலும் பள்ளமான இடத்திலும் சிலிண்டரை வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். சில இணைப்புகளில் வாயு திடீரென்று பாய்ந்தால் கசிவு என்று எண்ணித் தானே அடைத்துக்கொள்ளும் பாதுகாப்பு உண்டு. புதுப் பர்னர் பலவீனமாக எரிகிறது என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் விட்டு, பர்னர் வால்வு மூடியிருக்கும்போதே சிலிண்டரை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை

புது பர்னரில் நேரடியாக வோர்ட்டை ஏற்றாதீர்கள். முதலில் 20 லிட்டர் தண்ணீர். சிலிண்டரை ஒரு நல்ல தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள். கொதி வந்ததும் பர்னரை அணைத்துச் சிலிண்டரை மறுபடி நிறுத்துப் பாருங்கள். தண்ணீர் 20 டிகிரியில் ஆரம்பித்திருந்தால் அதற்குள் போன வெப்பம் 20 லிட்டர், 80 டிகிரி, 4 பிடியு, ஆக 6,400. சிலிண்டரில் 340 கிராம் குறைந்திருந்தால் எரிந்தது சுமார் 16,000 பிடியு, உங்கள் திறன் 40 சதவீதம். அடுத்த நாள் வால்வைப் பாதி மூடி அதே சோதனையைச் செய்யுங்கள். கொதி வர ஐந்தாறு நிமிடம் கூடுதலாக ஆகலாம். தீ பானையின் அடிக்குள்ளேயே அடங்கி எரிவதால் எரிந்து தீர்ந்த வாயு பெரும்பாலும் 300 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்கும். அந்த வால்வு நிலையில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.